திருவனந்தபுரத்தில் பார்க்க என்ன இருக்கு?

"மாப்பிள்ளை, ரெண்டே நாள்தான் கையில இருக்கு. உங்க ஊர்ல பார்க்க வேண்டியது என்னென்னன்னு ஒரு லிஸ்ட் போட்டு வையுங்க."

மூனிக்கிலிருந்து மச்சான் போன் செய்தபோது எனக்கு உறுத்தியது அந்த 'உங்க ஊர்' என்ற வார்த்தைதான். எனக்கு ஊர் கும்பகோணம். பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, டிரான்ஸ்பர் ஆர்டர் காட்டிய திசையிலெல்லாம் மூட்டை கட்டியவன். திருவனந்தபுரத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னமும் ஆட்டோக்காரரிடம் நான் பேசும் மலையாளத்தைக் கேட்டு என் மகள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அவள் எட்டாம் வகுப்பு. மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவாள், ஆனால் படிக்கச் சொன்னால் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பாள். வெளியூரில் பிள்ளை வளர்க்கும் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும், விளக்க வேண்டாம்.

மச்சான் பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஈஸ்டர் லீவில் பிராக் நகரம் போய் வந்திருக்கிறார்கள். பாலம், கோட்டை, கடிகாரம் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்து, பார்த்ததையெல்லாம் டிக் அடித்தானாம். இங்கேயும் அப்படி ஒரு காகிதத்தோடுதான் வந்து இறங்கினான். அதே சமயம் கும்பகோணத்திலிருந்து என் அப்பாவும் வந்திருந்தார். எழுபத்தாறு வயது, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். இரண்டாம் சனிக்கிழமை, வங்கிக்கு லீவு. ஒரு வேனைப் பிடித்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் பத்மநாபசுவாமி கோயில். ஆண்களுக்கு வேட்டி மட்டும், சட்டை கிடையாது. பெண்களுக்குச் சேலை, அல்லது சுடிதாருக்கு மேல் ஒரு முண்டு. ஜீன்ஸிலேயே பிறந்த மச்சான் பையனுக்கு வேட்டி நிற்கவில்லை. தங்கமணி ஒரு பெல்ட்டை எடுத்துக் கட்டிவிட்டாள்.

கோபுரத்தைப் பார்த்ததும் அப்பா, "இது நம்ம பக்கத்துக் கோபுரமால்ல இருக்கு?" என்றார். உண்மைதான். கேரளக் கோயில்களில் பொதுவாக ஓட்டுக் கூரையும் வட்ட, சதுர ஸ்ரீகோவிலும்தான் இருக்கும். இங்கே ஏழு நிலை, நூறடி உயரத்துக்குப் பாண்டி நாட்டுப் பாணியில் நிற்கிறது. ஊர்ப் பெயரையும் அப்பாதான் பிடித்தார். திருவாய்மொழியில் பத்தாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழி முழுக்க இந்த ஊர்ப் பெருமாளுக்கு. நம்மாழ்வார் அதில் 'அனந்தபுரம்' என்று பெயரையே சொல்கிறார். இடையில் வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் 'ட்ரிவாண்ட்ரம்' ஆகி, 1991-ல் அரசாணை போட்டு மறுபடி பழைய பெயருக்கு வந்தது. ஆழ்வாருக்கு அந்த ஆணை தேவைப்படவில்லை :-)

உள்ளே பதினெட்டு அடியில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும். தலை ஒரு வாசலில், நாபிக் கமலம் ஒரு வாசலில், பாதம் ஒரு வாசலில். 1686-ல் தீப்பிடித்து நாசமான கோயிலைத் திரும்ப எடுத்துக் கட்டியவர் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729 – 1758). கண்டகி நதியின் 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு, கடுசர்க்கரை யோகம் என்ற கலவையில் செய்த திருமேனி இது. அதே மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் தன் ராஜ்யம் முழுவதையும் பெருமாள் பெயருக்கு எழுதி வைத்துவிட்டு, தான் வெறும் 'பத்மநாப தாசன்' என்று அறிவித்துக்கொண்டார். வங்கிக்காரன் கண்ணில் இது அபாரமான வேலை. சொத்து முழுவதும் சாமி பெயரில். நிர்வாகம் மட்டும் தன் கையில். யார் எதிர்த்தாலும் சாமியை எதிர்த்த கணக்கு!

அந்தச் சொத்தின் ஒரு பகுதிதான் 2011-ல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தார்கள். இங்கே நிலவறைக்குக் 'கல்லறை' என்று பெயர். நான் வந்த புதிதில் மலையாளப் பேப்பரைப் பக்கத்து சீட் நண்பர் வாசிக்க, 'கோயில் கல்லறையில் தங்கம்' என்று கேட்டுத் திடுக்கிட்டேன். கோயிலுக்குள் எதற்குக் கல்லறை என்று! ஏ முதல் எஃப் வரை ஆறு. அதில் 'பி' இன்றுவரை கணக்கெடுக்கப்படவில்லை. 2020 ஜூலையில் அரச குடும்பத்தின் நிர்வாக உரிமை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. லட்சம் கோடி என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதியது மதிப்பீடுதான். எனக்கு அந்த எண்ணைவிட வேறொன்று பெரிதாகப் படுகிறது. எங்கள் ஸ்ட்ராங் ரூமில் இரண்டு சாவி, இரண்டு அதிகாரி, பதினைந்து ரிஜிஸ்டர். அப்படியும் வருஷத்துக்கு ஒரு தரமாவது ஆடிட்டரிடம் விழி பிதுங்குகிறது. இங்கே இத்தனை தலைமுறையாக, இத்தனை கைகள் மாறி, அது அங்கேயே இருந்திருக்கிறது.

வெளியே வந்தால் பத்மதீர்த்தக் குளம். அதற்கு எதிரே மேத்தன் மணி. தாடி வைத்த ஒரு முகம்; இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடா. மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்க, கடா இரண்டும் கன்னத்தில் வந்து முட்டும். சுவாதித் திருநாள் காலத்தது என்கிறார்கள். மச்சான் பையன் கத்தியே விட்டான்: "மாமா, பிராக் மாதிரியே!" அங்கே 1410-ல் செய்த கடிகாரத்தில் மணிக்கொரு முறை எலும்புக்கூடு மணியாட்ட, சீடர்கள் ஊர்வலம் போவார்களாம். அங்கே அந்தக் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை; இங்கே நாங்கள் ஏழு பேர், ஒரு லாட்டரிச் சீட்டு விற்பவர், அவ்வளவுதான். காகிதத்தில் முதல் டிக் விழுந்தது.

பக்கத்திலேயே குதிரை மாளிகை. கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள் தாங்கி நிற்பதால் அந்தப் பெயர். கட்டிய சுவாதித் திருநாள் முப்பத்து மூன்று வயதில் 1846-ல் இறந்துபோன ராஜா. இவர் சபையில் இருந்த வடிவேலு, தஞ்சை நால்வரில் ஒருவர். ராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். "தஞ்சாவூர்க்காரன் எங்க போனாலும் பிழைச்சுக்குவான்" என்றார் அப்பா. மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அங்கிருந்து சாலைக் கடைத்தெரு. மலையாளத்தில் 'சால'. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை. அவரும் விளவங்கோடு பக்கம் பிறந்தவர்தான். இன்றைய கணக்கில் கன்னியாகுமரி மாவட்டம். இந்தத் தெருவில் பாத்திரக்கடை வைத்துக்கொண்டே கதை எழுதியவர் ஆ. மாதவன். 2015-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார், 2021-ல் காலமானார். இதே ஊர்க்காரரான நீல. பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' நாவலும் இந்தக் கோட்டைத் தெருக்களில்தான் நடக்கிறது. டூரிஸ்ட் கையேடுகளில் இதெல்லாம் இருக்காது. சாலையில் மிளகாய் வற்றல் நெடியில் தும்மிக்கொண்டே நடப்பதும் ஒரு காட்சிதான் என்பது என் கட்சி. (மச்சான் மனைவிக்கு அது ஒப்புதல் இல்லை.)

கொஞ்ச தூரம் போனால் வலியசாலை. இங்கேதான் நான் வேனை நிறுத்தச் சொன்னேன். பையன் காகிதத்தைப் பார்த்தான். அதில் இந்தப் பெயரே இல்லை.

நீளமான அக்கிரகாரம், அதன் பக்கத்தில் மகாதேவர் கோயில். பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கும் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியைக் கேள்விப்பட்டவர்களுக்கும் 'காந்தளூர்ச் சாலை' ஞாபகம் இருக்கும். ராஜராஜன் பட்டத்துக்கு வந்த சில வருஷங்களிலேயே, தஞ்சைப் பெரிய கோயில் கட்டுவதற்கெல்லாம் வெகு முன்னால், கல்வெட்டுகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட முதல் வெற்றி அது. அந்தக் காந்தளூர் இந்த வலியசாலைதான் என்பது பரவலான கருத்து.

அங்கே அவன் அறுத்த 'கலம்' எது என்பதில்தான் சண்டை. கலம் என்றால் கப்பல், சேரன் கடற்படையை அழித்தான் என்று ஒரு கட்சி. கலம் என்றால் உண்கலம், சாலையில் மாணவர்களுக்கு நடந்த சோற்றை நிறுத்தினான் அல்லது அதை ஒழுங்குபடுத்தினான் என்று இன்னொரு கட்சி. சாலை என்பது அந்தக் காலத்துக் கல்விச்சாலை. வேதம், இலக்கணத்தோடு ஆயுதப் பயிற்சியும் இருந்ததாகச் சொல்கிறார்கள். காந்தளூரில் எப்படி நடந்தது என்பதற்கு நேரடிச் சாட்சி குறைவு. ஆனால் அதை மாதிரியாக வைத்து ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் முஞ்சிறை பக்கம் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை அமைத்த செப்பேடு இருக்கிறது. தமிழில் எழுதிய செப்பேடு. 95 மாணவர்களுக்கு இடம். சேர வேண்டுமானால் இலக்கணம் தெரிய வேண்டும். மூன்று அரசர் நாட்டு நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். சபைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது, சண்டை போட்டால் தண்டனை. இந்தக் காலத்து ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டு மாதிரியே இருக்கும்! அந்தச் செப்பேடு திருவனந்தபுரத்து ஹஜூர் கச்சேரியில் கிடந்ததால் அதற்கு 'ஹஜூர் ஆபீஸ் செப்பேடு' என்றே பெயர்.

எங்கள் கிளையில் ஒரு மலையாள நண்பர். நான் தஞ்சை ஜில்லாக்காரன் என்று தெரிந்த நாளிலிருந்து, மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் சொல்வார்: "சாரே, உங்க ராஜா வந்து எங்க ஹாஸ்டல் மெஸ்ஸை மூடிட்டுப் போனார். இன்னைக்கு உங்க சாம்பார் சாதம் எனக்கு." ஆயிரம் வருஷத்து நஷ்ட ஈட்டை ஆறு வருஷமாகக் கட்டி வருகிறேன்.

மத்தியானம் மியூசியம். சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பெயரில், சிசோம் வடிவமைத்து 1880-ல் முடிந்த கட்டடம். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டிய அதே சிசோம். உள்ளே சோழர் கால வெண்கலங்களும் உண்டு. பக்கத்தில் மிருகக்காட்சிசாலை, ரவிவர்மா படங்கள். ரவிவர்மாவுக்கென்றே 2023-ல் புதிதாகத் தனிக் கூடம் திறந்தார்கள். குழந்தைகள் இருந்தால் அரை நாள் ஓடிவிடும்.

திரும்பும்போது 'ஸ்டாச்சு'. தலைமைச் செயலகத்துக்கு எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்பின் பெயரே அதுதான். தினமும் ஆயிரக்கணக்கானோர் கண்டக்டரிடம் "ஒரு ஸ்டாச்சு" என்று டிக்கெட் வாங்குகிறார்கள். யாருடைய ஸ்டாச்சு என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். அப்பாவைக் கைபிடித்துச் சாலையைக் கடக்க வைத்து அருகில் கூட்டிப்போனேன். திவான் சர் டி. மாதவ ராவ். 1828-ல் பிறந்தவர். ஊர்? கும்பகோணம்!

அப்பா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். தஞ்சையில் குடியேறிய மராட்டியக் குடும்பம் மாதவ ராவுடையது. பிழைப்புக்காகத் திருவிதாங்கூர் வந்தவர், 1872 வரை திவானாக இருந்து கடனில் தள்ளாடிய கஜானாவை நிமிர்த்தினார். எதிரே இருக்கும் செயலகம் 1869-ல் அவர் காலத்தில் எழும்பியது. அப்புறம் இந்தூர், பரோடா என்று திவான் வேலை. டிரான்ஸ்பர் இவருக்கும் விடவில்லை. செயலக வளாகத்தில் நிற்கும் இன்னொரு சிலை வேலுத்தம்பி தளவாய். 1809-ல் வெள்ளையரை எதிர்த்து உயிரை விட்டவர். பிறந்தது தலக்குளம், அதுவும் இன்றைக்குத் தமிழ்நாடு.

"தாத்தா, இங்க இருக்கிற எல்லாரும் தமிழ்நாடா?" என்று மச்சான் பையன் கேட்டான். அதற்கு அப்பா சொன்ன பதில்: "அப்ப அந்தக் கோடே கிடையாதுடா."

கோடு விழுந்த கதையை இங்கே வந்தபிறகுதான் நான் சரியாகத் தெரிந்துகொண்டேன். 1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தெற்குத் தாலுகாக்களும், செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாகாணத்துக்குப் போயின. சும்மா போகவில்லை. நேசமணி தலைமையில் வருஷக்கணக்கில் போராட்டம். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. இன்றும் நவம்பர் 1 வந்தால் எங்கள் கிளையில் எல்லாரும் கசவுச் சேலை, முண்டு உடுத்திக் கேரளப் பிறவி தினம் கொண்டாடுவோம். அதே நாளில் எழுபது கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலில் நேசமணிக்கு மாலை போடுவார்கள்.

நவம்பரில்தான் பென்ஷன்காரர்கள் ஆயுள் சான்று கொடுக்க வருவார்கள். எண்பது கடந்த ஒருவர், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், இந்த ஊரில் வேலை பார்த்து இங்கேயே தங்கிவிட்டவர், வருஷா வருஷம் என் மேஜைக்கு வருவார். ஒரு தரம் சொன்னார்: "ராத்திரி திருவிதாங்கூர்ல படுத்தேன் சார், காலையில மெட்ராஸ்ல முழிச்சேன். கட்டில் நகரவே இல்லை." கொச்சியோடு சேர்ந்து திருவிதாங்கூர்-கொச்சி ஆனதெல்லாம் அவர் கணக்கில் கிடையாது. அவருக்கு அது கடைசிவரை திருவிதாங்கூர்தான். ஏழு பணம் ஒரு ரூபாய், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய் என்ற பழைய வாய்ப்பாட்டை இன்னும் ஒப்பிப்பார். கையெழுத்து மட்டும் தமிழில் போடுவார்.

கோடு போட்டாலும் சாமிகள் கேட்பதாக இல்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகப் புறப்பட்டுக் களியக்காவிளையில் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் வருகிறார்கள். இரு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது. சரஸ்வதி, கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது நம்பிக்கை. ஒன்பது நாளும் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி நடக்கும், கைதட்டக் கூடாது. பெண்கள் பாடவே கூடாது என்றும் இருந்தது. 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் பாடி அதை உடைத்தார். நீங்கள் அக்டோபர் பக்கம் வருவதானால் இதை விடாதீர்கள். மாசி மாதம் வந்தால் ஆற்றுகால் பொங்கலை. எங்கள் வங்கி வாசற்படி வரைக்கும் செங்கல் அடுப்பு மூட்டிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆற்றுகால் பகவதி கண்ணகியேதான் என்பது ஐதீகம். அங்கே பாடும் தோற்றம் பாட்டில் அவள் கதைதான்.

மறுநாள் ஞாயிறு, சாமிகள் வரும் அந்தச் சாலையில் எதிர்த்திசையில் போனோம். ஐம்பத்தைந்து கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை ராஜாக்கள் இருந்த இடம். நிலம் தமிழ்நாடு, அரண்மனை நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. டிக்கெட் கொடுப்பவர் கேரள அரசு ஊழியர், வெளியே நுங்கு விற்பவர் தமிழ்நாட்டு வாக்காளர். திங்கட்கிழமை மூடியிருக்கும், ஞாபகம் வையுங்கள்.

ஆனால் எங்கள் பயணத்தில் ஞாபகம் நின்றது அரண்மனை இல்லை. பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது பிடிபட்டவர் டி லனாய். ராஜா அவரையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். அவர் திரும்பிப் போகவே இல்லை; முப்பத்தாறு வருஷம் இங்கேயே உழைத்து 1777-ல் இறந்தார். கோட்டைக்குள் கூரையில்லாத பழைய தேவாலயத்தில் அவர் கல்லறை. (இது தமிழ்க் கல்லறை!) மனைவியும் மகனும் அருகிலேயே. கல்லில் இரண்டு மொழி. லத்தீன், தமிழ்.

மச்சான் பையன் ஸ்கூலில் லத்தீன் படிக்கிறான். குனிந்து, விரலை வைத்து, லத்தீன் வரிகளில் நாலைந்து சொற்களுக்கு அர்த்தம் சொல்லிவிட்டான். அவன் அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "கீழே இருக்கிறது?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான். அது அவன் தாய்மொழி.

என் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கல்லின் அருகில் உட்கார்ந்து முயற்சி செய்தாள். எழுத்து தேய்ந்திருந்தது, பழைய எழுத்து வேறு. ஒரு சொல் வந்தது, அடுத்தது நின்றுவிட்டது. "மலையாளமா இருந்தா சொல்லிடுவேன்ப்பா" என்றாள், மெல்ல. எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு வருஷமாக ஆபீசிலிருந்து எட்டு மணிக்கு வருகிறவன் யார்மேல் கோபப்படுவது?

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு பக்கமும் இரண்டு பேரப்பிள்ளைகளை உட்கார வைத்தார். "பழசுல புள்ளி வைக்க மாட்டாங்க. முதல்ல இது க-வா, க்-கான்னு நாமதான் யோசிக்கணும். எங்க, படி" என்று ஆரம்பித்தார். வேன் டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கன்னியாகுமரி சூரிய அஸ்தமனத்தை அன்றைக்குத் தவறவிட்டோம்.

ராத்திரி திரும்பும்போது பையன் காகிதத்தை எடுத்தான். கோவளம், கன்னியாகுமரி இரண்டும் டிக் இல்லாமல் கிடந்தன. அடியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். க, க், கா என்று வரிசையாக எழுதியிருந்தான். பக்கத்தில் என் மகள் அவன் 'க்' புள்ளியைத் திருத்திக்கொண்டிருந்தாள்.